பழைய ஆட்டத்தைப் பலகையில் படிக்க

செஸ் குறிப்பு வாசிக்கத் தெரிந்தால் போதும். பழகிக்கொள்ள, பால் மார்ஃபி 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் ஆடிய ஆட்டத்தை எடுங்கள். எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இசூவார் பிரபுவும் கலந்து பேசி ஆடினார்கள். 17 நகர்த்தலில் முடிந்துவிட்டது. போன் வேண்டாம், பலகையில் காய் வையுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் ஓட்டிவிடலாம்.

இரண்டாம் தடவையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 16ஆம் நகர்த்தலில் மார்ஃபி ராணியைக் கொடுக்கும் அழகில் மயங்கி நோட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு வெகுமுன்பே ஆட்டம் கைமாறிவிட்டது. கறுப்பு முதலில் எங்கே தவறியது என்று தேடுங்கள்.

ஓப்பனிங், பிலிடோர் தற்காப்பு. 3ஆம் நகர்த்தலில் வெள்ளை டி4 ஆட, கறுப்பு பிஷப் ஜி4க்கு வந்து குதிரையைக் கட்டுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வெள்ளைச் சிப்பாய் இ5இல் வெட்டியதும் சாயம் வெளுக்கிறது. உடனே பதிலுக்கு வெட்டினால் ராணிகள் மாறிக்கொள்ளும். கட்டு அவிழ்ந்த குதிரை இ5 சிப்பாயைத் தின்னும். அதனால் பிஷப்பைக் குதிரைக்குக் கொடுத்தாக வேண்டும். வெள்ளை ராணி சும்மா கிடைத்த வழியில் வெளியே வருகிறது. இரண்டு வழியையும் ஆடிப் பாருங்கள். பிறகு பிஷப்புக்குப் பதில் கறுப்பு டி4இல் வெட்டுவதையும், குதிரையை எஃப்6இல் வைப்பதையும் முயன்று பாருங்கள். பிலிடோரில் இவை இரண்டும் இன்றும் ஆடப்படுகின்றன. இந்தக் காரணம் புரியாமல் 15 நகர்த்தல் மனப்பாடம் செய்வது வீண்வேலை.

அடுத்து, 8ஆம் நகர்த்தலில் மீதியைத் தாளால் மூடுங்கள். வெள்ளை ராணி பி7 சிப்பாயைத் தின்னலாமே, மார்ஃபி ஏன் விட்டார்? பென்சிலால் ஒரு வரி எழுதாமல் தாளை நகர்த்தக்கூடாது. தின்றால் கறுப்பு ராணி பி4இல் செக் சொல்லி ராணிகளை மாற்றிக்கொள்ளும். சிப்பாய் லாபம்தான், ஆட்டம் இழுக்கும். அவர் குதிரையை வெளியே எடுத்தார்.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஆட்டம் முடிந்ததும் அசையாத காய்களை எண்ணுங்கள். இங்கே கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் கடைசிவரை இருந்த இடத்திலேயே இருந்தன. தோல்விக்குப் பாதி விளக்கம் அதிலேயே இருக்கிறது.

இன்ஜினை எழுதி முடித்தபின் திறங்கள், எழுதியதைத் திருத்த மட்டும். முதலிலேயே திறந்தால் அது காட்டும் எண்தான் மனதில் நிற்கும்.

அடுத்த ஆட்டம் நீங்களே தோற்றதாக இருக்கட்டும்; 25 நகர்த்தலுக்குள் தோற்றதாக இருந்தால் இன்னும் நல்லது.