டோக்கியோவுக்குப் புறப்படுமுன் மூன்று தாள்கள்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். அசகுசாவின் சென்சோஜி கோயில், ஷிபுயா நாற்சந்தி, மிட்டகாவில் உள்ள ஜிப்ளி அருங்காட்சியகம், மெய்ஜி ஜிங்கூ கையேன் சாலையின் கிங்கோ மரங்கள். நீயும் உன் தோழியும் நவம்பர் கடைசியில் போகிறீர்கள் என்பதால் அந்த மரங்கள் மஞ்சள் பூத்து நிற்கும்; நல்ல தேர்வு. ஆனால் எங்கே சாப்பிடுவீர்கள், ரயில் நிலையத்தின் எந்த வாசலில் வெளியே வருவீர்கள், சளி பிடித்தால் என்ன மாத்திரை போடுவீர்கள் என்று பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. முதல் தடவை போகிறவர்கள் திண்டாடுவது இவற்றில்தான். அந்த ஊர்க்காரர்கள் உதவத் தயங்கமாட்டார்கள். உன் கேள்வி அவர்களுடைய எழுத்தில் இருந்துவிட்டால் போதும். அதனால் மூன்று தாள்களைத் தயார் செய்துகொண்டு கிளம்பு. கைப்பேசியில் ஒரு படி இருக்கட்டும். சார்ஜ் இறங்கிப்போகும் நேரத்துக்குக் காகிதத்திலும் இருக்கட்டும்.

முதல் தாளில் தங்கும் விடுதியின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும், ஜப்பானிய எழுத்தில், பெரிதாக. விடுதிக்கு எழுதிக் கேட்டால் அவர்களே அனுப்புவார்கள். நம்மூரில் தெருப்பெயரும் கதவு எண்ணும் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரியில் முதலில் நகர்ப்பிரிவு வரும், பிறகு பேட்டை, அதன்பின் மூன்று எண்கள். 3-14-6 என்றிருந்தால் அந்தப் பேட்டையின் மூன்றாம் பகுதியில் பதினான்காம் மனைத்தொகுதியில் ஆறாம் எண் கட்டடம். ஆறுக்குப் பக்கத்தில் ஏழு இருக்கும் என்று எல்லா இடத்திலும் நம்ப முடியாது. வழி புரியவில்லை என்றால் 'கோபன்' என்ற சிறு காவல் சாவடியைத் தேடு. வழி சொல்வது அங்கிருக்கும் காவலர்களின் அன்றாட வேலை. சுற்றுவட்டார வரைபடமும் வைத்திருப்பார்கள். எதையாவது தொலைத்தாலும் தயங்காமல் அங்கேயே போய்ச் சொல்.

அதே தாளில் விடுதிக்குப் பக்கத்து நிலையத்தின் குறியீட்டையும், வெளியேறும் வாசலின் எண்ணையும் எழுதிக்கொள். நிலையப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் தடத்தின் எழுத்தும் வரிசை எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. கின்சா தடத்தின் எழுத்து ஜி. ஷிபுயா ஜி-01, கின்சா ஜி-09, உவேனோ ஜி-16, அசகுசா ஜி-19. கின்சாவில் ஏறுகிறாய், அடுத்து ஜி-10 வந்தால் அசகுசா பக்கம்தான் போகிறாய். ஜி-08 வந்தால் இறங்கி எதிர் வண்டியைப் பிடி. வாசல் எண்ணைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், ஷின்ஜுக்கு நிலையத்துக்கு மட்டும் இருநூறுக்கும் மேல் வாசல்கள். தவறான வாசலில் ஏறி வந்தால் தண்டவாளத்துக்கு அந்தப் புறம் போகவே நெடுநேரம் நடக்க வேண்டியிருக்கும். தோழியும் நீயும் பிரிந்து சுற்றப்போகும் நாளில் "ஷின்ஜுக்குவில் சந்திப்போம்" என்று மட்டும் பேசிவைக்காதீர்கள். எந்த வாசல் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரயிலை நடத்துவது ஒரே நிறுவனம் அல்ல. ஜே.ஆர்., டோக்கியோ மெட்ரோ, தோயேய் என்று தனித்தனி. பயணச்சீட்டும் தனித்தனி. சுய்கா, பாஸ்மோ என்ற அட்டைகளில் ஒன்றை வாங்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொட்டால் போதும். அந்த அட்டையில் பணம் ஏற்றும் இயந்திரங்கள் பல, ரொக்கத்தை மட்டுமே வாங்கும். எனவே ஆயிரம் யென் தாள்கள் சில எப்போதும் கையில் இருக்கட்டும். தீர்ந்தால் செவன்-லெவன் கடைகளின் ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டை போட்டு எடுக்கலாம்.

விமானச்சீட்டு எடுக்குமுன் ஒன்றைப் பார். நரிதா விமான நிலையம் பக்கத்து மாவட்டமான சிபாவில், நகர நடுவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹனேடா நகருக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவு வாக்கில் ரயில்கள் நின்றுவிட்டால் மறுபடி ஓடுவது காலை ஐந்து மணி சுமாருக்குத்தான். நரிதாவில் பின்னிரவில் இறங்கும் மலிவுச் சீட்டு, டாக்சிக் கட்டணத்தையும் சேர்த்தால் மலிவாக இருக்காது.

இரண்டாவது தாள் சாப்பாட்டுக்கு. இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் நீ முட்டைகூடத் தொடமாட்டாய். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம் 'தஷி' என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், சீவி எடுத்த கட்சுவோ மீன் கருவாட்டையும் சேர்த்து அதை இறக்குவார்கள். மிசோ சூப்பில் அது இருக்கும். உடோன், சோபா நூடுல்ஸ் மிதக்கும் குழம்பு அதுதான். காய்கறி டெம்புரா கேட்டாலும் தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில் அது கலந்திருக்கும். வெறும் டோஃபு கேட்டால் மேலே கருவாட்டுச் சீவலைத் தூவிக் கொண்டுவருவார்கள். மறைக்க வேண்டும் என்று யாரும் இதைச் செய்வதில்லை. அவர்களுக்கு அது உப்பு, புளி போல ஒரு சுவை. அதை மீன் என்று தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் "சைவம்" என்று சொன்னால் போதாது. "இறைச்சி, கோழி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை, மீன் சேர்த்த தஷியும் வேண்டாம்" என்று முழுதாக ஜப்பானிய மொழியில் எழுதிக் காட்டு. முடியாது என்று கடைக்காரர் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினால் வருத்தப்படாதே. நேர்மையாகச் சொல்லியிருக்கிறார் என்று அடுத்த கடைக்குப் போ.

உனக்கு ஏற்ற ஜப்பானியச் சாப்பாடும் உண்டு. புத்த மடங்களில் வளர்ந்த 'ஷோஜின் ரியோரி' இறைச்சியும் மீனும் இல்லாத சமையல். தஷியைக் கொம்பிலும் ஷீட்டாக்கே காளானிலும் எடுப்பார்கள். முன்பதிவு செய்து ஒரு வேளையாவது அதைச் சாப்பிடு. சோற்றுக்கும் சாம்பாருக்கும் மனம் ஏங்கும் நாளில் தோசாய் தடத்தில் டி-16, நிஷிகசாய். எடோகாவா பிரிவில் உள்ள அந்தப் பேட்டையில் கணினித் துறை வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைய. நானும் அங்கேதான் இருந்தேன்; தென்னிந்திய உணவகமும் மளிகைக்கடையும் நடந்துபோகும் தூரத்தில். வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் தக்காளித் தொக்கும் கொண்டுபோ. பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

மூன்றாவது தாள் மருந்துக்கு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நம்மூரில் சாதாரணமாகப் பையில் போட்டுக்கொள்ளும் சில மருந்துகள் அங்கே சட்டப்படி தடை. சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டுபோகவே கூடாது. கோடீன் சேர்ந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வோர் அட்டையிலும் உள்ள வேதிப்பெயரைப் படித்துப் பார். உன் தோழி தினமும் போடும் தைராய்டு மாத்திரையை மருத்துவர் சீட்டோடு, கடை அட்டையிலேயே எடுத்துப் போகட்டும். மருத்துவர் எழுதித்தரும் மருந்து ஒரு மாத அளவுக்குள் இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. வேதிப்பெயர்கள், ஒவ்வாமை, ரத்த வகை, காப்பீட்டு எண் எல்லாம் இந்தத் தாளில் வரட்டும். பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதே.

மின்சாரம் அங்கே 100 வோல்ட். துளை இரண்டு தட்டைக் கால்களுக்கானது. கைப்பேசி சார்ஜருக்குக் கால் மாற்றி மட்டும் போதும். நீ எடுத்துப்போக நினைக்கும் 230 வோல்ட் கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது, விட்டுவிடு. பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வெளியே போகாதே. பயணிகள் அதை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 1995-ல் சுரங்க ரயிலில் நடந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, எனவே உன் குப்பைக்கு ஒரு பை. செருப்பைக் கழற்றும் இடங்கள் பல, எனவே கிழியாத காலுறை. ஜிப்ளி அருங்காட்சியகத்தில் நேரில் சீட்டு கிடையாது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்கும், அன்றே எடுத்துவிடு. உவேனோவின் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

நிலநடுக்கம் பற்றி உன் அம்மா கேட்டாள். சிறு அதிர்வுகள் வரலாம். கைப்பேசி அலறினால் வெளியே ஓடாதே. மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள், அதிர்வு நின்றபின் விடுதிக்காரர் சொல்வதைக் கேள். காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119.

டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நவம்பர் கடைசியில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும், எனவே கிங்கோ மரங்களைக் காலையில் பார். இரவு ஒன்பதுக்கு நீ அறைக்குத் திரும்பினால் இங்கே மாலை ஐந்தரை; உன் அம்மா பள்ளியிலிருந்து வந்திருப்பாள். தினமும் அந்த நேரத்துக்கு அவளைக் கூப்பிடு.

அன்புடன்,
சித்தி