துணியை வெட்டும் முன் ஆர்டரைப் படிப்போம்



உள்கடன் கொடுக்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! தீர்மான நோட்டில் எழுதுகிறோம். கையெழுத்து வாங்குகிறோம். எத்தனை தவணை, எவ்வளவு வட்டி என்று எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோம். ஐந்தாயிரம் ரூபாய் கடனுக்கு இத்தனை எழுத்து. ஆனால் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் வந்தால் போனிலேயே பேசி முடித்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்து விடுகிறோம். இது சரியா? நமக்கு நடந்ததையே பாடமாக வைத்துப் படிப்போம்.

நாம் பட்ட பாடு

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. அதன் பிறகு துணிப்பை ஆர்டர்கள் நம்மைத் தேடி வர ஆரம்பித்தன. ஒரு கடைக்காரர் 5,000 பை கேட்டார். கடைப் பெயர் அச்சடித்து, பை ஒன்று 22 ரூபாய். மொத்தம் 1,10,000 ரூபாய். நமக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எழுதி வாங்கிக்கலாமா அக்கா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். "தெரிஞ்ச ஆளுதானே, பேப்பர் கேட்டா சங்கடப்படுவாரு" என்று நாமே அவர் வாயை அடைத்தோம்.

நம் கணக்கு இது. ஒரு பைக்குக் காடா துணி 12 ரூபாய், தையல் கூலி 4 ரூபாய், அச்சு இரண்டரை ரூபாய், நூலும் வண்டி வாடகையும் 1 ரூபாய். ஆக 19 ரூபாய் 50 காசு. 5,000 பைக்கு லாபம் 12,500 ரூபாய் வர வேண்டும். துணிக்கும் அச்சுக்கும் கூட்டமைப்பில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 75,000 ரூபாய் கடன் எடுத்தோம். இரண்டு குழுப் பெண்கள் இரவும் பகலும் தைத்தார்கள். சொன்ன நாளில் பை போய்ச் சேர்ந்தது.

நாற்பது நாள் கழித்து போன் வந்தது. "600 பையில அச்சு கலங்கியிருக்கு, அதுக்குப் பணம் கிடையாது" என்றார். மீதிப் பணம் ஐந்து மாதம் கழித்து வந்தது. 600 பைக்கு 13,200 ரூபாய் போயிற்று. கடன் வட்டி 3,750 ரூபாய். லாபம் 12,500 போக, கடைசியில் கைநஷ்டம் 4,450 ரூபாய். திரும்பி வந்த பைகளை வேறு யாருக்கு விற்பது? எல்லாவற்றிலும் அந்தக் கடையின் பெயர்தான் இருக்கிறது. ஐந்து மாதம் தையல் கூலி நின்றுபோனதால் ஒரு உறுப்பினர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைத்தார்.

கடைக்காரர் மேல் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. எத்தனை நாளில் பணம் என்று நாம் கேட்கவில்லை. குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றும் பேசவில்லை. நாம் எழுதாமல் விட்டதை எல்லாம் அவர் தனக்கு வசதியாக முடிவு செய்துகொண்டார். ஆர்டரில் எழுதாத இடம் எப்போதும் வாங்குபவர் பக்கம்தான் சாயும்.

ஆர்டரில் பார்க்க வேண்டிய ஆறு விஷயங்கள்

1. என்ன பொருள், எத்தனை: "துணிப்பை 5,000" என்றால் போதாது. நீளம், அகலம், துணியின் தரம், கைப்பிடியின் நீளம், அச்சின் நிறம் எல்லாம் வேண்டும். இரண்டு சாம்பிள் தைத்து, இருவரும் அதில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தகராறு வந்தால் அந்தச் சாம்பிளே சாட்சி.

2. விலை: வண்டி வாடகை யார் தலையில்? ஜிஎஸ்டி உண்டா, இல்லையா? இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும்? துணி விலை ஏறிவிட்டால் என்ன செய்வது?

3. கொடுக்கும் நாள்: அச்சுக்கான படத்தை அவர் பத்து நாள் தாமதமாகக் கொடுத்தால், நமக்கும் பத்து நாள் தள்ளிப்போக வேண்டும். தாமதத்துக்கு அபராதம் என்று எழுதியிருந்தால், மொத்தத்தில் இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு எல்லை போடச் சொல்லுங்கள்.

4. சரிபார்ப்பது: எங்கே, யார், எத்தனை நாளுக்குள்? வண்டியில் ஏற்றும் முன் நம் கூடத்துக்கே வந்து பார்ப்பது நமக்கு நல்லது. குறையுள்ள பையை மாற்றிக் கொடுக்க நமக்கு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும்.

5. பணம்: துணி வாங்கும் அளவுக்காவது அட்வான்ஸ். மீதி எந்தத் தேதிக்குள் என்று நாள் கணக்கில் இருக்க வேண்டும். "சரக்கு விற்ற பிறகு" என்பது தேதி ஆகாது.

6. பாதியில் நிறுத்தினால்: துணியை வெட்டிய பிறகு ஆர்டரை ரத்து செய்தால், வெட்டிய துணிக்கும் செய்த வேலைக்கும் பணம் உண்டு என்று இருக்க வேண்டும். கடைப் பெயர் அச்சிட்ட பொருளுக்கு இது மிக மிக அவசியம்.

ஒரு கை கொடுத்தால் மறுகை வாங்க வேண்டும்

அச்சு கலங்கியது யார் தவறு? நம் தையலில் ஒரு குறையும் இல்லை. அச்சடித்துக் கொடுத்தவர் சாயம் காயும் முன் அடுக்கிவிட்டார். ஆனால் அவரிடமும் நாம் எதையும் எழுதி வாங்கவில்லை. அவர் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நஷ்டம் நடுவில் நின்ற நம் தலையில் விழுந்தது.

துணிக்கடை, அச்சடிப்பவர், நாம், வாங்கும் கடை எல்லோரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். கடைக்காரருக்கு நாம் என்ன வாக்குக் கொடுக்கிறோமோ, அதே வாக்கை அச்சடிப்பவரிடமிருந்து நாமும் வாங்க வேண்டும். அவருக்கு 30 நாளில் பை தருகிறோம் என்றால், அச்சு வேலை 22-வது நாளிலேயே முடிந்து வர வேண்டும். கலங்கிய பைக்கு அச்சுக்கூலி மட்டும் கழித்தால் போதாது, பையின் விலையும் கழியும் என்று முன்பே பேச வேண்டும். நம் குழுக்களுக்குள்ளும் இப்படித்தான். எந்தக் குழு எத்தனை பை, எந்த நாளுக்குள் என்பது தீர்மான நோட்டில் ஏற வேண்டும்.

சட்டம் நம் பக்கம் என்ன சொல்கிறது?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் நம்மைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்குப் பெரிய துணை.

• பணம் தரும் நாளை எழுத்தில் பேசியிருந்தால் அந்த நாளுக்குள் தர வேண்டும். அதுவும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் பேசவில்லை என்றால் 15 நாளுக்குள் தர வேண்டும்.

• பொருளில் குறை இருந்தால், வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள்.

• தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும்.

• பணம் வராவிட்டால் வசதியாக்கல் குழுவிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்தக் குழுக்கள் இருக்கின்றன. வாங்கியவர் இந்தியாவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நம் பகுதிக் குழுவிலேயே முறையிடலாம். இணையதளம் வழியாகவும் மனு கொடுக்கலாம்.

பார்த்தீர்களா? நாற்பது நாள் கழித்து, அதுவும் போனில் சொன்ன குறை செல்லாது என்று நாம் வாதாடியிருக்கலாம். ஆனால் பை எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நம்மிடம் கையெழுத்து வாங்கிய டெலிவரி செலான் இல்லை. உத்யம் பதிவும் அப்போது செய்யவில்லை. சட்டம் இருந்தும் பிடித்துக்கொள்ளக் கையில் காகிதம் இல்லை.

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சுய உதவிக் குழு என்ற பெயரிலேயே பதியலாம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். சரக்குக் கொடுத்த பிறகு பதிவுக்கு ஓடினால் சிக்கல் வரும், முன்பே பதிந்து வைப்போம். பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுவோம். சிறு தொழிலுக்குக் காலத்துக்குள் தராத பணத்தை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2023-ல் வருமான வரியில் விதி சேர்க்கப்பட்டது. அதனால் அந்த எண்ணுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

கேட்கத் தயங்காதீர்கள்

"இதெல்லாம் கேட்டா ஆர்டரே போயிடும்" என்று பயப்படுகிறோம். போனில் பேசி முடித்த அன்றைக்கே மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். இன்று பேசியபடி 14-க்கு 16 அங்குலக் காடா துணிப்பை 5,000, ஒன்று 22 ரூபாய். அட்வான்ஸ் 50,000 ரூபாய் வந்ததும் வேலை ஆரம்பம். அச்சுப் படம் கிடைத்த 30-வது நாள் சரக்கு உங்கள் கடைக்கு வரும், வண்டி வாடகை எங்களுடையது. குறை இருந்தால் 7 நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும், மாற்றித் தருகிறோம். மீதிப் பணம் 30 நாளுக்குள். சரி என்றால் 'சம்மதம்' என்று பதில் போடவும்."

அந்த 'சம்மதம்' வரும்வரை கத்தரிக்கோலைத் தொட வேண்டாம். நேர்மையாக வாங்க வந்தவர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவர் என்றால், 75,000 ரூபாய் கடன் எடுக்கும் முன்பே தெரிந்துகொண்டது நமக்கு லாபம்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழு கடைசியாக எடுத்த ஆர்டரில் மேலே சொன்ன ஆறில் எத்தனை எழுத்தில் இருந்தன?

2. சரக்கு கொடுக்கும்போது செலானில் தேதியும் கையெழுத்தும் வாங்குவது யார் பொறுப்பு? பெயரைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

3. நமக்குத் துணி, அச்சு, பெட்டி தருபவர்களிடம் எதை எழுதி வாங்க வேண்டும்?

4. நமக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு? எத்தனை நாள் ஆயிற்று?

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் ஆர்டரை வாசித்துக் காட்டுங்கள். தைப்பவர் கைக்குத் தெரியாமல் எந்த நிபந்தனையிலும் தலைவி கையெழுத்துப் போடக் கூடாது. அந்தக் கையெழுத்துக்கு உழைக்கப் போவது எல்லோரும்தானே!