ஒரு தங்கச் சுரங்கம், ஐந்து பேச்சு
(சமூக அறிவியல் பக்கம்)



"வெளிநாட்டுக் கம்பெனி நம்ம மண்ணில் சுரங்கம் தோண்டலாமா?" என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர், "தோண்டட்டும் சார், வேலை கிடைக்கும்" என்பார்கள். மீதிப் பேர், "வேண்டாம் சார், நம்ம சொத்து போயிடும்" என்பார்கள். யார் சொல்வது சரி? தீர்ப்பு சொல்லும் முன் ஒரு சுரங்கத்தின் கதையைப் பார்ப்போம். அதுதான் கோலார் தங்கவயல். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் பங்காருப்பேட்டை வரும் அல்லவா? அங்கிருந்து பிரியும் கிளைப்பாதையில் இருக்கிறது.

கதைச் சுருக்கம்

1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கே வேலையைத் தொடங்கியது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசிடம் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது!

இனி ஒவ்வொருவர் பக்கமும் நின்று பார்ப்போம்.

1. லண்டன் பங்குதாரர்: "பணம் போட்டது நாங்கள். இயந்திரமும் இன்ஜினியரும் நாங்கள் அனுப்பியது. தங்கம் கிடைக்காமல் போயிருந்தால் நஷ்டம் எங்களுக்குத்தானே? லாபமும் எங்களுக்கே." இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி: பணம் திரும்ப வந்த பிறகும், எத்தனை காலம் லாபம் கப்பலேறலாம்?

2. மைசூர் அரசு: தோண்டிய தங்கத்துக்கு 'ராயல்டி' என்ற உரிமைத்தொகை வாங்கியது. 1902-ல் சிவசமுத்திரம் அருவியில் தயாரான மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது இந்தத் தங்கவயலுக்குத்தான். நம் நாட்டின் பெரும்பாலான ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது! அரசுக்கு வருமானமும் வந்தது, பெருமையும் வந்தது. ஆனால் சுரங்கத்தை நடத்தும் பிடி கம்பெனி கையில்.

3. தொழிலாளி: இவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள். ஊரில் பண்ணையார் முன் கைகட்டி நின்றவருக்கு இங்கே மாதச் சம்பளம் கிடைத்தது. பள்ளி, சங்கம், புத்தகம் எல்லாம் வந்தன. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கம் இங்குள்ள மாரிக்குப்பத்தில் நடந்தது. (நம்ம தாம்பரம் சானடோரியம் சித்த மருத்துவமனைக்கு இவர் பெயர்தான்.)

அதே தொழிலாளி கொடுத்த விலையோ பெரிது. கீழே தாங்க முடியாத சூடு. திடீரென்று பாறை வெடித்துச் சரியும், ஆள் உள்ளேயே போய்விடுவார். கல்தூசி நுரையீரலில் படிந்து 'சிலிகோசிஸ்' நோய் வரும். கம்பெனி அதிகாரிக்குப் பங்களா, தொழிலாளிக்குத் தட்டிக் குடிசை. 1930-ல் எல்லோரிடமும் கைரேகை எடுக்கப் பார்த்தபோது, "நாங்கள் என்ன திருடர்களா?" என்று பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள்.

4. சுற்றியுள்ள ஊர்க்காரர்: பொடியாக்கிய பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க சயனைடு வேண்டும். தங்கம் போனபின் மிஞ்சிய தூளைக் குன்று குன்றாகக் குவித்தார்கள். இன்றும் அந்தச் 'சயனைடு மலைகள்' நிற்கின்றன. காற்றடித்தால் தூசி பறக்கிறது. ஊர்க்காரர் தங்கத்தில் பங்கு வாங்கவில்லை. தூசியில் மட்டும் பங்கு!

5. நம் அரசு (1956-க்குப் பின்): "இனி தங்கம் நாட்டுக்கே" என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. செலவு ஏறியது, நஷ்டம் வந்தது. 2001-ல் மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். நாம தாம்பரத்தில் பீச் டிரெயின் பிடிப்பது போல, அந்த ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆக, முதலாளி மாறினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்று தெரிகிறது.

பழைய கதை மட்டும்தானா?

இல்லை. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை இந்துஸ்தான் ஜிங்க் எடுத்தது. அதன் தாய் நிறுவனம் வேதாந்தா. அதற்கும் மேலே இருப்பது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா ரிசோர்சஸ். 'நாட்டுக்கு முக்கியமான கனிமம்' என்றது ஒன்றிய அரசு. அந்தப் பகுதியில்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டி இருக்கிறது. சமணர் படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் அங்கே உண்டு. மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. தங்கவயலில் தோண்டும் முன் ஊரைக் கேட்டவர் யார்? மேலூரில் ஊரே முன்வந்து பேசியது. பெரிய வித்தியாசம் இதுதான்.

நினைவில் வைப்போம்

சுரங்கம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் முன் நான்கு கேள்விகள்:
• லாபம் யாருக்கு, எவ்வளவு?
• ஆபத்து யார் தலையில்?
• ஊரைக் கேட்டார்களா?
• கனிமம் தீர்ந்தபின் பள்ளத்துக்கும் ஆளுக்கும் யார் பொறுப்பு?

நாலாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல் எடுத்துவிட்டு அப்படியே விட்ட பள்ளங்களை நாம் பார்த்திருக்கிறோமே!

செய்து பாருங்கள்: ஐந்து பேர் ஐந்து பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வகுப்பில் பேசுங்கள். பிறகு இடம் மாறி, எதிர்ப்பக்கத்துக்காகப் பேசுங்கள். அப்போதுதான் விஷயம் புரியும். நல்ல கருத்துகளைத் தாளில் எழுதி இந்தப் பலகையின் ஓரத்தில் குத்தி வையுங்கள்.