கேடய எரிமலையும் மேசை மலையும்

பீடோங், குருன் தோட்டங்களிலிருந்து தெரியும் குனோங் ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். அது எரிமலை அன்று. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஐஸ்லாந்தில் 1,060 மீட்டர் உயரமுள்ள ஸ்கியால்ட்பிரெய்டுர், எரிமலை. பெயரின் பொருள் ‘அகன்ற கேடயம்’. பாகுத்தன்மை குறைந்த எரிமலைக்குழம்பு நெடுந்தூரம் ஓடி அடுக்கடுக்காகப் படிந்ததால், அதன் சரிவு மிக மென்மையானது. இவ்வகையே ‘கேடய எரிமலை’.

அதே நாட்டின் ஹெர்டுபிரெய்ட் மலைக்கோ பக்கங்கள் செங்குத்து; உச்சி தட்டை. பனியுகத்தில் அது தடித்த பனிப்பாளத்தின் அடியில் வெடித்தது. பனி உருகிய நீர் குழம்பைச் சட்டெனக் குளிர்வித்ததால், குழம்பு பரவாமல் அங்கேயே குவிந்தது. பனிக்கு மேலே எழுந்த பிறகே குழம்பு ஓடி உச்சியை மூடியது.

மாணவர்களே, அந்தப் பனி இன்று இல்லை. ஆனால், அது எவ்வளவு தடிப்பாக இருந்தது என்பதை இம்மலையின் உயரத்தைக் கொண்டு மதிப்பிடலாம்.