டம்ளரில் மிதக்கும் வெண்டைக்காய்

ஒரே வாரத்தில் நான்கு பேர். நான்கு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வெண்டைக்காயைக் காம்பும் நுனியும் கிள்ளி, நெடுக்கில் கீறி, ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டுமாம். விடிந்ததும் வெறும் வயிற்றில் அந்தக் கொழகொழத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை ஓடிவிடுமாம். எங்கே ஓடும் என்று வீடியோவில் சொல்லவில்லை.

உணவு ஆலோசகராக இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வெந்தயத் தண்ணீர், ஆவாரம்பூத் தண்ணீர், கொய்யா இலைத் தண்ணீர் என்று சீசனுக்கு ஒன்று வரும், போகும். இது மட்டும் போகமாட்டேன் என்கிறது. நான்கு பேரில் கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வெறும் வயிற்றில் சர்க்கரை 312. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாண்ணே?"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி தரையைப் பார்த்தார்.

"அதான் வெண்டைக்காத் தண்ணி குடிக்கிறேனேம்மா. அதுக்கு மேல இங்கிலீஷ் மருந்து எதுக்கு?" மாத்திரையை நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்தது.

"சரி, ஊறின காயை என்ன பண்றீங்க?"

"தூக்கிப் போட்டுடுவோம். சத்தெல்லாம் தண்ணிக்கு வந்துடுதுல்ல?"

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெண்டைக்காயில் நூறு கிராமுக்கு நார்ச்சத்து சுமார் 3 கிராம். இரண்டு காய் எடை போட்டால் 25 கிராம் தேறும்; அதில் மொத்த நாரே முக்கால் கிராம்தான். தோலிலும் விதையிலும் உள்ள நார் பெரும்பாலும் தண்ணீரில் கரையாது. கரைகிற பங்கிலும் கொஞ்சம்தான் ராத்திரியில் இறங்கும். ஆக, டம்ளருக்கு வருவது ஒரு சிட்டிகை. தண்ணீர் அவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்பீர்கள். இந்தப் பசை துளி இருந்தாலே தண்ணீரைக் கொழகொழவென்று காட்டும், அதன் சுபாவம் அது. சிட்டிகையைக் குடித்துவிட்டு மிச்சம் அத்தனையையும் குப்பைக்கூடையில் போடுகிறார்கள். இதற்குப் பெயர் வைத்தியமாம்.

பசைக்குக் குணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கரையும் நார் குடலில் சாப்பாட்டோடு கலந்து, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தும். 'சாப்பாட்டோடு கலந்து' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு நீங்கள் குடித்த தண்ணீர், எட்டரை மணிக்கு வரப்போகும் ஐந்து இட்லிக்காக வயிற்றில் காத்துக்கொண்டு நிற்காது.

ஆய்வு இருக்கிறதே என்று போனை நீட்டுவார்கள். இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வெண்டைக்காய்ப் பொடி கொடுத்துப் பார்த்த சிலவற்றில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. எல்லாம் சின்ன ஆய்வுகள், சில வாரமோ சில மாதமோ நடந்தவை. பெரும்பாலும் மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல. 2011-ல் பங்களாதேஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொன்றை வீடியோக்காரர் மறந்தும் சொல்லமாட்டார்: எலிகளுக்கு வெண்டைக்காயின் கரையும் நாரையும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும் சேர்த்துக் கொடுத்தபோது, மருந்து உடம்பில் சேர்வதே குறைந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கொழகொழத் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்குபவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. 'இங்கிலீஷ் மருந்து' என்று முகம் சுளிப்பவர்களுக்கு இன்னொரு தகவல். மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு மூலிகைதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் இருந்த வேதிப்பொருளைத் தொடர்ந்து போய்த்தான் அந்த மருந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டம்ளரில் மருந்தாக இருக்கும் அதே வழவழப்பு வாணலியில் எதிரியாகிவிடுகிறது. அந்த வழவழப்பைப் போக்க எண்ணெய் நிறைய ஊற்ற வேண்டும் என்பது அடுத்த நம்பிக்கை. கண்டக்டர் வீட்டில் அரை கிலோ காய்க்கு ஐந்து மேசைக்கரண்டி. அரை கிலோ வெண்டைக்காயில் இருப்பது 165 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120. கூட்டிப் பாருங்கள், காயைச் சாப்பிடுகிறோமா, எண்ணெயையா?

வழவழப்பைக் கிளப்பிவிடுவது தண்ணீர். காயைக் கழுவிய பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் போச்சு. கழுவியதைப் பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடையுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் கத்தியைத் தூக்கும்போது சிலந்தி நூல் மாதிரி இழுக்கும். உலர்ந்த காயில் அந்த இழுப்பு பாதிகூட இருக்காது. பொடிப்பொடியாக அரியாமல் ஓர் அங்குலத் துண்டாக நறுக்குங்கள். அகலமான வாணலி நன்றாகக் காய்ந்ததும் மூன்று டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், கறிவேப்பிலை, பத்து சின்ன வெங்காயம். பிறகு காய். மூடி போடக் கூடாது. மூடினால் ஆவி தண்ணீராகி உள்ளேயே சொட்டும். சும்மா சும்மா கிளறவும் கூடாது. பாதி வெந்ததும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், ஒரு கரண்டி கெட்டிப் புளிக்கரைசல். புளிப்பு பட்டால் பசை இளகி அடங்கும். உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டு, குழைந்து, கூழாகும். இரும்புச் சட்டியில் வதக்கினால் காய் கறுக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்படி வதக்கியதில் பசை எங்கும் போய்விடவில்லை, காய்க்குள்ளேயே இருக்கிறது. கண்ணில் பட்டால்தான் மனசு ஆறும் என்பவர்கள் செட்டிநாட்டு மண்டி வையுங்கள். அரிசி களைந்த தண்ணீரும் புளியும் சேர்ந்த அந்தக் குழம்பில், காய் விட்டதெல்லாம் சோற்றுக்கே வந்து சேரும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க முடியாது. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். பத்தாம் வகுப்பில் 41 வாங்கினேன். இதிலுள்ள ஃபோலேட், கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டிய சத்து, வாய்ப்பாடு சொல்லித்தராது. மூட்டில் தேய்ந்த ஜவ்வை வெண்டைக்காய்ப் பசை நிரப்பும் என்பது உளறல். குடலிலிருந்து முழங்காலுக்குத் தனிக் குழாய் கிடையாது. கால்சியம் ஆக்சலேட் கல் இருப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம், மற்றவர்கள் பயப்பட வேண்டாம்.

கண்டக்டரை டாக்டரிடம் அனுப்பி மாத்திரையை மறுபடி எழுதவைத்தேன். போகும்போது, "இனிமே இவளை எண்ணெயைக் குறைச்சு வதக்கச் சொல்றேம்மா" என்றார். பொறுக்க முடியவில்லை. இருபது வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்: சர்க்கரை இவருக்கு; ராத்திரி காய் கீறி ஊறவைப்பது, பத்தியச் சமையல் செய்வது, நான் திட்டும்போது தலைகுனிவது எல்லாம் அந்த அம்மாவுக்கு. தன் காய்க்குத் தானே எண்ணெய் அளக்காத மனிதருக்கு நான் எழுதித்தரும் அட்டவணை வெறும் காகிதம். "நீங்க வதக்குங்கண்ணே. முப்பது வருஷம் சில்லறை எண்ணுன கைக்கு மூணு டீஸ்பூன் எண்ணத் தெரியாதா?" என்றேன்.

போன வாரம் வந்தார்கள். வெறும் வயிற்றில் 168. மாத்திரை வேலை செய்கிறது. வெண்டைக்காய் எப்படி வந்தது என்று கேட்டேன். அந்த அம்மா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உப்பை மொதல்லயே போட்டுட்டாரும்மா."