பால்வாடிப் பிள்ளைகளுக்கு மண்புழுப் பாடம்

மண்புழு உழவனின் நண்பன் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வீட்டு நான்கு வயதுப் பிள்ளை மண்புழுவைக் கண்டால் குச்சியால் குத்துகிறது. உப்பைத் தூவி அது துடிப்பதை வேடிக்கை பார்க்கிறது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. பால்வாடியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும்போது, புழு கெட்டது, அதைக் கொல்ல வேண்டும் என்று அது கேட்டிருக்கிறது. சில ஊர்களில் வயிற்றுப் புழுவுக்கும் மண்புழுவுக்கும் நாக்குப்பூச்சி என்று ஒரே பெயர். இரண்டும் வேறு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

இதற்குப் படப் புத்தகம் ஏற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் தாய்கூடப் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்புறம் நான்கு படங்கள் போதும்: இலை விழுகிறது, மட்குகிறது, புழு தின்கிறது, புழுவின் எச்சத்தில் செடி வளர்கிறது.

அச்சான புத்தகங்களில் ஒரு குறை உண்டு. புழுவுக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் டோரீன் குரோனின் எழுதி 2003-ல் வெளிவந்த 'ஒரு புழுவின் நாட்குறிப்பு' என்ற படப் புத்தகத்தில் புழு பள்ளிக்கூடமே போகிறது! பிள்ளைகள் சிரிக்கட்டும், தவறில்லை. புத்தகத்தை மூடியதும் உண்மைப் புழுவை ஈரக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். கண் எங்கே என்று பிள்ளையே தேடட்டும். மண்புழுவுக்குக் கண், காது, பல் எதுவும் இல்லை. வெளிச்சத்தைத் தோலால் உணர்கிறது. ஈரத் தோலால்தான் மூச்சு விடுகிறது. வெயிலும் உப்பும் ஏன் அதைக் கொல்கின்றன என்பது இதிலிருந்தே விளங்கும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுக்களாகும் என்பது பெரியவர்களிடமும் உள்ள தவறான எண்ணம். தலைப்பக்கம் சில சமயம் பிழைக்கும், வால்பக்கம் மடிந்துவிடும்.

1881-ல் மண்புழுவைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட சார்லஸ் டார்வின், புழுத் தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து வாசித்துப் பார்த்தார். காற்றின் வழியே வந்த ஓசைக்கு அசையாத புழுக்கள், அதிர்வு பட்டதும் வளைக்குள் ஓடின. இந்தக் கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

படத்தோடு ஒரு பானையும் இருந்தால்தான் பாடம் மனதில் நிற்கும். பழைய மண்பானையின் அடியில் துளையிட்டு, செங்கல் சல்லி, மணல், தோட்ட மண் என்று அடுக்க வேண்டும். மேலே பாதி மட்கிய சாணமும் காய்ந்த இலையும் இட்டு, 30 புழுக்களை விடலாம். புதுச் சாணம் கூடாது. சூடேறிப் புழு செத்துவிடும். வைக்கோலால் மூடி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு வராமலிருக்க, நீர் ஊற்றிய தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் பானையை நிறுத்தலாம்.

தீனி போடுவது பிள்ளையின் வேலை. வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு போகலாம். எலுமிச்சைத் தோல், மிளகாய், ஊறுகாய், எண்ணெய் பட்ட சோறு கூடாது. பால் உறையும் பிளாஸ்டிக் பையும் தனியே போக வேண்டும். விவசாயிக்கு இதில்தான் கைமேல் பலன். குப்பைக்குழியில் பிளாஸ்டிக் விழுந்தால் அது எருவோடு வயலுக்கு வந்து சேர்கிறது. பிறகு பொறுக்கி மாளாது.

பானையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மனிதக் கழிவு பட்ட மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும்; மண்புழு யார் உடலிலும் ஏறாது. இந்த வித்தியாசத்தையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பானையைத் திண்ணைக்கு மாற்றிவிடுவது நலம். நீர் தேங்கினால் புழுக்கள் வெளியேறிவிடும்.