ராணியைக் கொடுத்து வென்ற ஆட்டம்

பத்தாம் வகுப்பு மாணவி



சதுரங்கத்தில் ராணி போனால் ஆட்டமே போயிற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் என் தாத்தா பலகையில் ஒரு நிலையை அடுக்கி, "வெள்ளை ஆடவேண்டும். இரண்டே நகர்த்தலில் வெற்றி. கண்டுபிடி, கண்ணு" என்றார்.

அது 1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகர இசை நாடக அரங்கில் நடந்த ஆட்டம். அமெரிக்க இளைஞர் பால் மார்ஃபி வெள்ளைக் காய்களுடன் ஆடினார். பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி அவரை எதிர்த்து ஆடினார்கள். அப்போது மார்ஃபிக்கு வயது 21.

நீங்களும் பலகையை எடுத்து அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்க, இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை.

வெள்ளை: ராஜா சி1, ராணி பி3, யானை டி1, மந்திரி ஜி5, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, ஈ4, எஃப்2, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா ஈ8, ராணி ஈ6, யானை எச்8, மந்திரி எஃப்8, குதிரை டி7, சிப்பாய்கள் ஏ7, ஈ5, எஃப்7, ஜி7, எச்7.

நான் அவசரப்பட்டு ராணியால் ராணியை வெட்டினேன். தாத்தா தம் சிப்பாயால் என் ராணியை வெட்டிவிட்டு, "வெற்றி எங்கே?" என்று சிரித்தார். பிறகு, "எதை வெட்டலாம் என்று தேடாதே. உன் வழியில் எது நிற்கிறது என்று பார்" என்றார்.

மீண்டும் பார்த்தேன். என் யானை டி8-க்குப் போனால் ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் கட்டத்தை என் மந்திரி காக்கிறது. ஆனால் வழியில் டி7-இல் குதிரை நிற்கிறது. அதை எப்படி விலக்குவது?

ராணியை பி8-இல் வைத்தால் ராஜாவுக்குச் செக்! ராஜா நகர வழியில்லை. ஈ7, டி8 இரண்டையும் என் காய்கள் காக்கின்றன. குறுக்கே வைக்கவும் காய் இல்லை. குதிரை ராணியை வெட்டியே ஆகவேண்டும். குதிரை விலகியதும் யானை டி8-க்குப் பாய்கிறது. செக்மேட்! யானையை வெட்டினால் மந்திரி விடாது. ஈ7-ஐ மந்திரியும் டி7-ஐ யானையும் காக்கின்றன. மற்றக் கட்டங்களைக் கறுப்பின் சொந்தக் காய்களே அடைத்து நிற்கின்றன.

ஆட்டம் 17 நகர்த்தல்களில் முடிந்தது. சிப்பாய்களைத் தவிர, மார்ஃபியின் ராஜாவுக்குத் துணையாக மிஞ்சியவை ஒரு யானையும் ஒரு மந்திரியுமே. எதிரியிடமோ ராணி, யானை, மந்திரி, குதிரை எல்லாம் இருந்தன!

கறுப்புக்கு வேறு ஒரு பதில் இருந்திருந்தாலும் ராணி வீணாகியிருக்கும். ஆகவே கொடுக்கும் முன் எதற்காகக் கொடுக்கிறோம், அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தேர்வு நெருங்கும் நாளில் விளையாட்டையும் வானொலியையும் விட்டுக்கொடுக்கும் நமக்கும் இது பொருந்தும் அல்லவா, தோழியரே?